பதினோராம் எண் எலி

சுந்தரராஜனின் கையிலிருந்த ஊதுபத்திக் கட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, நேரே குளியலறைக்குப் போய், வாளித் தண்ணீரில் அமுக்கினாள் நாகலக்ஷ்மி. சுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. எட்டு மாதப் பழக்கம். கை தானாகவே செய்துவிட்டது. திரும்பிக் கூடத்துக்கு வந்தபோதுதான், தரையில் நீட்டிப் படுத்திருப்பது தன் கணவன் மஹாதேவன் என்பதும், அவர் விடியற்காலை ஐந்து மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டார் என்பதும், சாவு வீட்டில் ஊதுபத்தியைப் பிடுங்கி அணைத்த முதல் மனைவி தானாகத்தான் இருக்கும் என்பதும் அவளுக்கு உறைத்தன.

சுந்தரராஜன் தீப்பெட்டியோடு அப்படியே நின்றார். மஹாதேவனின் அண்ணா. வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்றவர். ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்கிலிருந்து ஏழு மணிக்குள் வந்து சேர்ந்து, சாஸ்திரிகளுக்குப் போன் செய்து, தன் மகன் ஸ்ரீநாத்தைக் கொள்ளி வைக்க ஏற்பாடு செய்து, எந்தத் தீட்டு எத்தனை நாள் என்று யார் கேட்டாலும் பஞ்சாங்கம் பார்க்காமல் சொல்லக்கூடியவர். அவர் கையிலிருந்து யாரும் எதையும் பிடுங்கியதில்லை.

"என்ன நாகு இது?"

"மதுவோட கடைசிப் பரீட்சை இன்னிக்கு, அண்ணா. வீட்டுல புகை ஆகாது."

பரீட்சை மதுவந்திக்கு இல்லை, அவளுடைய எலிகளுக்கு. அந்தக் கட்டடத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. எதிர் வீட்டு ஷிப்ரா அக்கா, அவர்கள் பாஷையில் ஷிப்ரா-தி, தான் கொண்டுவந்த சம்பங்கி மாலைகளை உள்ளே எடுத்து வராமல், தானாகவே மாடிப்படியில் வைத்துவிட்டு வந்து, கீழே வண்டியில் ஏற்றும்போது போட்டுக்கொள்ளலாம் என்று வங்காளியில் சொல்லியிருந்தாள். அந்த எலிகளுக்காக எட்டு மாதமாக அவள் வீட்டுச் சனிக்கிழமை சாம்பிராணிகூட மொட்டைமாடிக்குப் போய்விட்டது.

மகள் மதுவந்தி ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிறாள். எலியின் உடம்பில் ஒரே ஒரு மரபணுவை மட்டும் செயலிழக்க வைத்துப் பிறக்கச் செய்வார்கள். அது இல்லாமல் எலிக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால், அந்த மரபணுவுக்கு உடம்பில் என்ன வேலை என்று தெரியும். நாக்-அவுட் எலி என்று பெயர். குத்துச்சண்டைக்காரன் பெயர் மாதிரி இருக்கிறதே என்று மஹாதேவன் முதல் நாள் சிரித்தார். அப்புறம் எந்த மரபணு என்று மகள் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தச் சொன்னார். அது அவருடையது.

நாற்பத்தெட்டாவது வயதில் அவருக்கு நடை தடுமாறத் தொடங்கியது. முதலில் படிக்கட்டில், பிறகு சமதரையில், பிறகு பேச்சிலும் கையெழுத்திலும். பஸ்ஸில் பெண்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். அலுவலகத்தில் யாரோ மேலிடத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டார்கள். சொந்த அண்ணாவே ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, 'குடிக்கறதை எப்போ ஆரம்பிச்சே' என்று கேட்டார். ஐந்து வருஷம் கழித்துத்தான் ஒரு டாக்டர், அப்பா அம்மா இருவரும் மாமனும் மருமாளுமாக இருந்து கல்யாணம் செய்துகொண்டவர்களா என்று கேட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்திருக்கலாம் என்று சொன்னார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். இந்த வியாதி உள்ள குடும்பங்கள் உலகத்திலேயே விரல் விட்டு எண்ணும் அளவுதான், அது மட்டும்தான் காரணமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

மஹாதேவனுக்கு அந்த 'இருக்கலாம்' பிடிக்கவே இல்லை. அவர் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்கத்துறை ஆள். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை ஏணிக்குக் கீழே நின்று பார்ப்பது இருபத்திரண்டு வருஷம் அவர் வேலை. முகத்தைப் பார்க்கவே மாட்டார், காலைத்தான் பார்ப்பார். இடுப்பில் தங்கம் கட்டியவன் எப்படிக் குனிவான், செருப்புக்குள் ஒளித்தவன் எந்த இடத்தில் பாதத்தை ஊன்றுவான் என்று அவருக்குத் தெரியும். குற்றவாளி யார் என்று முடிவாகாமல் ஒரு கோப்பை அவர் மூடியதே இல்லை.

இருபத்து நான்கு எலிகள். பாதிக்கு அந்த மரபணு இல்லை, பாதிக்கு உண்டு. எது எது என்று மதுவந்திக்கே தெரியாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும் என்பதால், விடைத்தாள் அவளுக்கு மேலே உள்ள மீரா மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், விரல் அகலக் கம்பின் மேல் ஒவ்வொன்றாக நடக்கவிட்டு, கால் எத்தனை முறை வழுக்குகிறது என்று எண்ணுவாள். எலிகள் அவளுடைய கைக்குத்தான் பயப்படாமல் நடக்கும். கையில் புது வாசனை இருந்தால் மிரண்டுபோய்க் கம்பிலேயே உட்கார்ந்துவிடும். அதனால்தான் அந்த வீட்டில் எட்டு மாதமாக ஊதுபத்தி இல்லை, சந்தன சோப்பு இல்லை, நாகலக்ஷ்மியின் தலையில் பூ இல்லை.

கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்கு வருத்தம். லேக் மார்க்கெட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்துகொண்டு, மல்லி கட்டிக் குவித்திருக்கிற கடையை மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவது எவ்வளவு பெரிய தியாகம் என்று எந்த எலிக்குத் தெரியும்? இதை வாரத்துக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். அடுப்படியில் எலி வந்தால் துடைப்பத்தோடு துரத்துகிற தன்னை, எலிக்காகத் தலையை மொட்டையாக வைத்துக்கொள்ள விட்டுவிட்டார்கள் என்றாள்.

மகள் வாரா வாரம் போனில் பிடித்து வந்த படத்தை அப்பா பத்து முறையாவது போட்டுப் பார்ப்பார். நான்கு வாரத்திலேயே அவர் ஆளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். மரபணு இல்லாததெல்லாம் 'நம்மவா'. மற்றதெல்லாம் 'அசலார்'. மதுவந்தி காதைப் பொத்திக்கொண்டாள், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் என் வேலை கெட்டுவிடும் என்று கெஞ்சினாள். ஆகவே அவள் லேபுக்குக் கிளம்பிய பிறகு, பெண்டாட்டியிடம் மட்டும் குழறலான பேச்சில் ரகசியமாகச் சொல்வார்.

"இந்தப் பதினொண்ணு இருக்கே, நாகு, சத்தியமா நம்ம ஆளு. பின்னங்காலை வெக்கறதுக்கு முன்னாடி ஒரு க்ஷணம் யோசிக்கறது பார். நானும் அப்படித்தான் யோசிப்பேன்."

இதிலிருந்துதான் பந்தயம் வந்தது. இருபத்து நான்கையும் சரியாகச் சொல்லிவிட்டால் நாகலக்ஷ்மி லேபுக்குப் போய் ஓர் எலியைக் கையில் தூக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் அவர் தோற்றவர், அவளுக்கு இரண்டு முழம் மல்லி. நேற்றுச் சாயங்காலம் கடைசி முறையாகப் பட்டியலை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் அதன் மேல் கவிழ்ந்து கிடந்தார். பிறகு உறையில் போட்டு, அவளைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டச் சொல்லி, சுவாமி படத்துக்குப் பின்னால் செருகச் சொன்னார். நாளைக்கு இந்நேரம் எலியைத் தூக்கப் போகிறாய் என்று கண்ணைச் சிமிட்டினார். அவளும் விடவில்லை, நாளைக்கு இந்நேரம் தலை நிறையப் பூ என்றாள்.

இப்போது காலை ஒன்பது மணி. அவர் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பியிருந்தார். பரீட்சை மூன்று மணிக்கு.

நாகலக்ஷ்மி சுந்தரராஜனோடு சண்டை போடத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டாள். ஆனால் சண்டை வேறு இடத்திலிருந்து வந்தது. அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்த மதுவந்தி தலையை நிமிர்த்தாமல், "நான் போகலைம்மா" என்றாள்.

"எட்டு மாசம்டி."

"தெரியும். நாளைக்கு அதுங்களை எடுத்து மூளையைப் பாக்கப்போறா, அதுக்கு வெளியூர்லேர்ந்து ஆள் வந்தாச்சு. இன்னிக்கு விட்டா விட்டதுதான். எல்லாம் தெரியும்." அவள் அப்பாவின் கட்டை விரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த நூலைச் சரிசெய்தாள். "போயிட்டு வந்து யார்கிட்டச் சொல்றது? கேக்கற ஆள் படுத்துண்டாச்சு."

நாகலக்ஷ்மி மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, அழுதாள். முப்பது வருஷம் கூட இருந்த மனிதர், இனிமேல் யாருடைய காலை அவள் காலையில் எண்ணெய் தடவி நீவிவிடுவது? ஷிப்ரா-தி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். காப்பி என்று நினைத்துத் தான் போட்ட ஏதோ ஒன்றைக் கையில் கொடுத்தாள். அதைக் குடித்ததும் நாகலக்ஷ்மிக்கு அழுகை நின்றுவிட்டது.

"என்கிட்டச் சொல்லு" என்றாள் மகளிடம். "எனக்குப் பந்தயம் முடியணும். உங்கப்பா ஜெயிச்சாரா தோத்தாரான்னு தெரியாம பத்து நாள் நான் உக்காந்திருக்க முடியாது."

சுந்தரராஜன் குறுக்கே வந்தார். அப்பா போன வீட்டில் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பத்து நாள் தீட்டு, வாசலைத் தாண்டி நாலு பேர் நடுவில் போகக்கூடாது, ஊர் என்ன சொல்லும் என்பது அப்புறம், முதலில் சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறது என்றார். குரலை உயர்த்தவில்லை, வங்கியில் கடன் இல்லை என்று சொல்கிற மாதிரி மரியாதையாகத்தான் சொன்னார்.

"எலிக்குத் தீட்டு உண்டா, அண்ணா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். மனசுக்குள் எத்தனையோ பக்கங்களைப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது.

"எலிக்கு இல்லை. போற வழியில மனுஷா இருக்காளே. ஆட்டோக்காரன் இருக்கான்."

அதற்குள் சாஸ்திரிகள் வந்தார். வாய்க்கரிசி போட்டார்கள். நாகலக்ஷ்மி ஒரு பிடி போட்டுவிட்டு, அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். ஆட்டமும் நடுக்கமும் இல்லாத முகத்தை அவள் பத்து வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். ஸ்ரீநாத்தும் மற்றவர்களும் தூக்கினார்கள். படியில் வளைவு வந்த இடத்தில் சுந்தரராஜன் தம்பியின் தலைப்பக்கத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வாசலில் மாலைகளைப் போட்டார்கள். வண்டிக் கதவைச் சாத்துவதற்கு முன் அவர் மட்டும் மூச்சு வாங்க மறுபடி மாடிக்கு ஏறி வந்தார்.

"நாகு. தீட்டு இருக்கறவா தீட்டு இருக்கறவாளைத் தொட்டா ஒண்ணும் இல்லை. எனக்கும் இதே பத்து நாள்தான். என் வண்டியில வரட்டும், நானே ஓட்டறேன். ஸ்நானம் பண்ணிட்டு ரெண்டு மணிக்குத் தயாரா இருக்கச் சொல்லு."

அவள் பதில் சொல்வதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

எப்படியும் தலை முழுகத்தான் வேண்டும். மதுவந்தி வாசனையில்லாத தன் சோப்பில் இரண்டு முறை முழுகினாள். கேவ்ராதலா மயானத்திலிருந்து ஒன்றரைக்குத் திரும்பிய சுந்தரராஜனும் முழுகிவிட்டு, ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு கீழே போனார். நாகலக்ஷ்மி பால்கனியிலிருந்து பார்த்தாள். பழைய மாருதியின் முன்கண்ணாடியில் தொங்கிய வாசனைக் குப்பியை அவர் கழற்றி, மூடியைத் திருகி, முகர்ந்து பார்த்து, வாசல் காவல்காரனிடம் கொடுத்தார். இருக்கை உறைகளை உருவினார். நான்கு ஜன்னல்களையும் இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம் வெயிலில் காயவிட்டார். அப்புறம்தான் பெண்ணை ஏறச் சொன்னார்.

வீடு காலியாக இருந்தது. நாகலக்ஷ்மி ஈரத்தலையோடு சுவாமி அலமாரிக்கு எதிரில் உட்கார்ந்தாள். உறையின் ஓரம் படத்துக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. ஒட்டியவளே அவள்தான், பிரித்து மறுபடி ஒட்டவும் தெரியும். உள்ளே இருப்பதோ அவளுக்கு மனப்பாடம். ஒன்று அசலார், இரண்டு நம்மவா, மூன்று நம்மவா என்று எட்டு மாதமாகக் கேட்டது. அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லச் சொல்ல அவர் குரலிலேயே வந்தது. இருபத்து நான்கு வரை போய்விட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

ஆறே கால் மணிக்கு இருவரும் திரும்பினார்கள். வங்காளிகளின் வருஷக் கடைசிச் சைத்ர மாதத் தள்ளுபடி வியாபாரம், கரியாஹாட்டில் தெருவையே துணிக்கடை ஆக்கிவிட்டார்கள், முக்கால் மணி நேரம் நகரவே இல்லை என்றார் சுந்தரராஜன். அந்த முக்கால் மணி நேரத்தையும் அவர் ரசித்துவிட்டு வந்த மாதிரிதான் இருந்தது. ஆண் வாசனை பட்டால் எலி மிரளுமாம், அதனால் தன்னைக் கட்டடத்துக்குள்ளேயே விடவில்லை, இரண்டு மணி நேரம் மரத்தடியில் நின்றேன், அறுபத்தாறு வயதில் என்னைப் பார்த்து ஒரு ஜீவன் பயப்படுகிறது என்றார். பாஷை புரியாமலே ஷிப்ரா-தி கூடச் சிரித்தாள்.

"நடந்துதா?" என்றாள் நாகலக்ஷ்மி.

"இருபத்து நாலும் நடந்துதும்மா. ஒண்ணுகூட உக்காரலை." மதுவந்தி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மீரா மேடம் விஷயம் கேட்டு அழுதுவிட்டு, எண்ணிக்கையை எல்லாம் பதிவு செய்த பிறகு தானே அலமாரியைத் திறந்து பிரதி எடுத்துக் கொடுத்தாராம். "கணக்கு ஒழுங்காப் போடணும். ஆனா போடாமயே கண்ணுக்குத் தெரியறது. மரபணு இல்லாததுங்க மூணு மடங்கு, நாலு மடங்கு வழுக்கறது. மத்ததுங்க கம்பீரமாப் போறது."

"வேற ஒண்ணையும் மாத்தலையே?" என்று கேட்டார் சுந்தரராஜன். "சாப்பாடு, கூண்டு, எல்லாம் ஒண்ணுதானே?"

"எல்லாம் ஒண்ணுதான், பெரியப்பா. அது ஒண்ணு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எலில அது ஒண்ணே போறும்."

அவர் தலையை ஆட்டினார். தம்பி படுத்திருந்த இடத்தில் இப்போது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் திரியைத் தூண்டப் போனவர், தூண்டிவிட்டும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்திக்கொண்டு தம்பியிடம் அவர் குடியைப் பற்றிக் கேட்ட நாள் நாகலக்ஷ்மிக்கு ஞாபகம் வந்தது.

உறையைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள். மதுவந்தி கிழிக்காமல், ஓரத்தைத் தண்ணீர் தொட்டுப் பிரித்தாள். உள்ளே கோணலும் மாணலுமாக, ஒவ்வோர் எழுத்தும் புளியங்கொட்டை அளவுக்கு, அப்பாவின் பட்டியல். 'ந' என்றால் நம்மவா, 'அ' என்றால் அசலார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படித்தாள். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று, சரி. ஐந்து தாண்டியதும் குரல் வேகமானது. எட்டு தாண்டியதும் சிரிக்கத் தொடங்கிவிட்டாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. நாங்கள் எட்டு மாதம் ஒவ்வொரு வழுக்கலாக எண்ணியதை இந்த மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறாரே என்றாள். பத்து, சரி.

"பதினொண்ணு..." என்று நிறுத்தினாள். "ஐயோ. தப்பு."

"என்ன போட்டிருக்கார்?" என்றாள் நாகலக்ஷ்மி.

"அசலார்னு போட்டிருக்கார். அது நாக்-அவுட்மா."

மற்ற பதிமூன்றும் சரி. இருபத்து நான்கில் இருபத்து மூன்று. ஒன்றே ஒன்றில் கோட்டை விட்டுவிட்டார், பாவம், என்றாள் மதுவந்தி. நாகலக்ஷ்மி கையை நீட்டித் தாளை வாங்கினாள்.

பதினொன்றுக்கு எதிரில் முதலில் 'ந' என்றுதான் இருந்தது. அதன் மேல் ஒற்றைக் கோடு. பக்கத்தில் 'அ'. கோட்டுக்குக் கீழே, இருபத்திரண்டு வருஷம் சர்க்கார் காகிதத்தில் திருத்தம் செய்த பழக்கம் விடாமல், சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தார். நேற்றைய தேதி. பட்டியல் முழுவதிலும் வேறு திருத்தமே இல்லை.

சத்தியமா நம்ம ஆளு என்று எட்டு மாதம் தினமும் அவள் காதில் சொன்ன மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொரு முறை பார்த்தாள். தோற்றால்தான் பூ.

மகள் கையை நீட்டுவதற்குள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்போ நான்தான் ஜெயிச்சேன்" என்றாள். "ரெண்டு முழம்."

மதுவந்தி பெரியப்பாவைப் பார்த்தாள். ஷிப்ரா-திக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் அவரைத்தான் பார்த்தாள். சுந்தரராஜன் விளக்கடியிலிருந்து கையை ஊன்றி எழுந்தார்.

"பத்தாம் நாள் வரைக்கும் வெச்சுக்கலாம்" என்றார். "அதுல தடை ஒண்ணும் கிடையாது."

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். லேக் மார்க்கெட் பூக்காரர்கள் எட்டு மணி வரை இருப்பார்கள்.

ஈரத்தலையில் பூ நிற்காது. நாகலக்ஷ்மி கூந்தலைப் பிரித்து முதுகில் பரப்பிவிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்து, அதன் கீழே உட்கார்ந்தாள்.